அரசாணையை நமக்கு வாசித்துச் சொன்னவர் யார்?

1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், அங்குள்ள பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891-இல் எழுதிய அறிக்கையின் விளைவு அது. தீண்டப்படாதோருக்கு அரசு நிலம் ஒதுக்கலாம் என்றது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லும் நிலத்தின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஆணையின் வழியிலும் அதன் பின் வந்த ஆணைகளின் வழியிலும் ஒப்படைக்கப்பட்ட நிலங்களுக்கு நிபந்தனைகள் இருந்தன. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது.

இந்த நிபந்தனைகள் நம்மைப் பாதுகாக்க எழுதப்பட்டவை. ஆனால் எழுதப்பட்ட மொழி ஆங்கிலம். சேரியில் இருந்தவருக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் கிராமக் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளை எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலம் கைமாறியதற்குக் கடன், மிரட்டல், அதிகாரிகளின் உடந்தை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் "இந்த விற்பனை செல்லாது" என்று சொல்லும் காகிதம் தன்னிடம் இருப்பதே தெரியாதவரிடம் நிலத்தைப் பிடுங்குவது எளிதாக இருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து அந்த நிபந்தனைகளைப் படித்துத் தெரிந்துகொண்டு மீட்புப் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிர் கொடுத்தார்கள்.

ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று நம் இளைஞர்களிடம் சொல்லாதவர் இல்லை. தென்காசியிலும் சுரண்டையிலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் நம் மக்களுக்கு ஆங்கிலம் எதற்குத் தேவைப்பட்டது என்று வரலாற்றிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கிறது. நம்மைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தை நாமே வாசித்துப் பொருள் புரிந்துகொள்ளத்தான் தேவைப்பட்டது. வாசிப்பின் அந்த வரலாற்றைத்தான் இங்கே பேசுகிறோம்.

கேட்டுப் பழகிய ஆங்கிலம்

ஆங்கிலேயரோடு முதலில் நெருங்கிப் பழகியவர்களில் நம் மக்களும் இருந்தார்கள். சமையல்காரராக, பட்லராக, குதிரைக்காரராக, ஆயாவாக, சென்னைப் படையின் சிப்பாயாக. அவர்களுக்கு ஆங்கிலம் காது வழியாக வந்தது. அந்த ஆங்கிலத்தை ஆங்கிலேயர் கேலி செய்தார்கள். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் 'பட்லர் இங்கிலீஷ்' ஒரு தனிச் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது. சென்னை மாகாணத்து வேலைக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் என்பது அதன் பொருள்.

அந்தப் பட்லர்கள் அறிவில்லாதவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். தம் பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியே எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்றும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். சுவடியைக் காத்து வைத்த வீடுகள் அவை. ஆனால் துரையின் வீட்டில் ஆங்கிலம் என்றால் கட்டளையைக் காதால் கேட்டுச் செய்வதுதான். அதே துரை அலுவலகத்தில் எழுதிய கட்டளையைப் படிக்கும் ஆங்கிலம் வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனாலும் அங்கே ஆங்கிலத்தின் அளவு வெள்ளையர் வீட்டு வேலைக்குப் போதுமான பேச்சு என்பதாகத்தான் வைக்கப்பட்டது. கேட்டுச் செய்யும் ஆங்கிலம், படித்துக் கேள்வி கேட்கும் ஆங்கிலம் என்று இரண்டு இருந்தன. முதலாவதை நமக்குத் தர யாரும் தயங்கவில்லை. இரண்டாவதை நாம் தேடிப் போக வேண்டியிருந்தது.

112 அடி நீள மனு

தேடிப் போனவர்களில் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூர்க் கல்லூரியில் படித்த நாட்களைத் தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் சொல்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில், மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்துவிட்டு வகுப்புக்குள் நுழைவாராம். பிற மாணவர்களோடு பேசி விளையாடுவதற்குக்கூட அஞ்சிய ஒருவருக்கு வாசிப்புதான் துணை.

அந்த வாசிப்பை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. 1891-இல் பறையர் மகாஜன சபை, 1893-இல் 'பறையன்' இதழ். அதே 1893-இல் ஒரு செய்தி லண்டனிலிருந்து வந்தது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்தலாம் என்று பிரிட்டிஷ் காமன்ஸ் சபை தீர்மானித்தது. காங்கிரஸ் மகிழ்ந்தது. சீனிவாசனும் அவரோடு இருந்தவர்களும் அந்தத் தீர்மானத்தை வேறு விதமாகப் படித்தார்கள். தேர்வு இங்கே நடந்தால் எழுதி வெல்பவர்கள் சாதி இந்துக்கள். அவர்கள் ஆட்சியராகவும் நீதிபதியாகவும் வந்தால் நம் கதி என்ன? 1893 டிசம்பரில் சென்னை ராயப்பேட்டையில் கூட்டம் போட்டு, 3,412 பேரின் கையெழுத்தோடு 112 அடி நீள மனுவை ஜெனரல் செஸ்னி வழியாக பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று இன்று விவாதிக்கலாம். நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் படித்த விதத்தை. எல்லோரும் 'இந்தியருக்கு உரிமை' என்று படித்த ஒரு வரியை, 'எந்த இந்தியருக்கு?' என்று கேட்டுப் படித்தார்கள். ஆங்கிலப் பாடநூலில் பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்பார்களே, அதில் கடைசிக் கேள்வி எப்போதும் எழுதியவர் சொல்லாமல் விட்டது என்ன என்பதுதான். நம் முன்னோர் அந்தக் கேள்விக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

பின்னர் சீனிவாசன் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். திரும்பி வந்து சட்டமன்ற மேலவையில் உட்கார்ந்தார். பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் எதிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டு வந்தார். பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜாவின் முயற்சியில்தான் 1922-இல் அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி சென்னையில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் வேலைக்குப் போனவர் படிக்க வேண்டும் என்றால் இரவு மட்டும்தானே மிச்சம்? 1907-இல் தொடங்கிய அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ், அரசு என்ன செய்கிறது என்பதைத் தமிழில் எடுத்து வைத்து விவாதித்தது. ஆங்கிலத்தில் படித்தவர் தமிழில் சொன்னார், தமிழில் படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டினார். இப்படித்தான் ஒரு சமூகம் படித்தது.

அரண்மனையும் தாலுகா ஆபீசும்

இனி நம் ஊருக்கு வருவோம். வீரகேரளம்புதூர் என்றால் இலக்கியம் படித்தவர்களுக்கு ஊத்துமலை ஜமீன் அரண்மனை நினைவுக்கு வரும். இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 'காவடிச் சிந்து' பாடினார் என்பது நாம் எல்லோரும் படித்த வரலாறு. அந்த அரண்மனைக்கு நிலவரி, குத்தகை, வழக்கு என்று இன்னொரு பக்கமும் இருந்தது. ஜமீனுக்கும் கும்பினிக்கும் இடையிலான காகிதங்கள், 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம், ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றிய 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம், எல்லாம் ஆங்கிலம். வயலில் நின்றவர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த வரிகள் அவர்களின் காதுக்கு எட்டியதெல்லாம் வேறொருவர் வாய் வழியாகத்தான். ஜமீன் போய் இன்று வீரகேரளம்புதூர் ஒரு வட்டத்தின் தலைநகர். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்தது. அரண்மனை வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1981 பிப்ரவரி 19 அன்று தென்காசி அருகே மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாம் தழுவின. அதன்பின் பல மாதங்கள் நாடு முழுவதும் ஆங்கிலப் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதின. பாராளுமன்றத்தில் பேசினார்கள், அமைச்சர்கள் வந்தார்கள், ஆய்வாளர்கள் நூல் எழுதினார்கள். பணத்துக்காக மாறினார்களா, சாதிக் கொடுமையால் மாறினார்களா என்று ஆங்கிலத்தில் விவாதம் நடந்தது. யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களே அதைப் படித்துப் பதில் எழுதும் நிலை அன்று இருந்திருந்தால் அந்த விவாதம் எப்படிப் போயிருக்கும் என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. நெல்லை மாவட்ட அனுபவங்களை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' நூலில் பதிவு செய்திருக்கிறார். வயல் வேலையும் பீடி சுற்றும் வேலையும் முடித்துவிட்டு, தெருவிளக்கின் கீழ் பெண்கள் சிலேட்டு பிடித்தார்கள். கைநாட்டு போய்க் கையெழுத்து வந்தது. ஆனால் அந்த இயக்கம் தமிழ் எழுத்தோடு நின்றது. அடுத்த படியாக அரசுக் காகிதம் பேசும் மொழிக்குப் போக ஏற்பாடு இல்லை. பெரியவர்கள் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்றால் அது அவரவர் சொந்தச் செலவு, சொந்தப் பாடு என்றாகிவிட்டது.

பேருந்தில் ஒரு பெண் கேட்டது

பெரியவர்களின் வாசிப்பு ஓர் அரசியலாக மாறியதற்கு உலகில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் வாசிப்புத் தேர்வு வைப்பார்கள். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவர்களுக்குத் தேர்வு மட்டும் மறக்காமல் வைக்கப்பட்டது. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தொழிலாளர்களை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டிவந்தார். பயணத்தின்போதே அந்தச் சட்டப் பிரிவுகளைச் சொல்லிக் கொடுத்தார். ஆலிஸ் வைன் என்ற பெண் முழுவதையும் மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பதிவும் பெற்றுவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. உண்மையாகவே வாசிக்கக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்து 1957 ஜனவரியில் ஒரு கடையின் பின்னறையில் குடியுரிமைப் பள்ளி பிறந்தது. முதல் வகுப்பில் 14 பேர். பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் ஆசிரியை இல்லை, அழகுக்கலைத் தொழில் செய்தவர். பின்னால் நின்று வழிநடத்தியவர் செப்டிமா கிளார்க். குழந்தைகளின் பாடநூலை ஒதுக்கிவிட்டு, நீங்கள் என்ன படிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். வாக்காளர் விண்ணப்பம், கடைப் பட்டியல், அரசியல் சட்டப் பிரிவு ஆகியவையே பாடமாயின. அந்த மாதிரிப் பள்ளிகள் தெற்கு முழுவதும் பரவின. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் அந்த வாசிப்புத் தேர்வுகளுக்கு முடிவு கட்டியது.

மனப்பாடத்துக்கும் வாசிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஆலிஸ் வைன் புரிந்துகொண்டிருந்தார். போட்டித் தேர்வுக்குக் கைடு வாங்கி விடைகளை உருப்போடும் நம் தம்பி தங்கைகள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

'பப்ளிக் வியூ' என்ற இரண்டு சொற்கள்

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் வாரம் ஒரு மாலை கூடி நாங்கள் ஆங்கிலம் வாசித்துப் பழகுகிறோம். பீடி சுற்றும் அக்காமார், கட்டட வேலைக்குப் போகும் அண்ணன்மார், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் வருகிறார்கள். எங்கள் பாடநூல் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் வழக்கு மேலே போனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தீர்ப்பு ஆங்கிலத்தில்தான் வருகிறது.

ஆங்கிலச் சட்ட வாக்கியம் தமிழரைத் தடுமாற வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் விவரங்கள் எல்லாம் முன்னால் வந்து வினைச்சொல் கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுவார், விவரங்கள் பின்னால் வால் போல் தொங்கிக்கொண்டே போகும். அதனால் நாங்கள் ஒரு வாக்கியத்தை நான்காகப் பிரிக்கிறோம். யார்? யாரை? எங்கே, எப்போது? என்ன செய்தால்? பிறகு விதிவிலக்கு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறோம். 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்' ஆகியவற்றைக் கண்டால் பென்சிலால் வட்டம் போடுகிறோம். 'ஷல்' வந்தால் செய்தே ஆக வேண்டும், 'மே' வந்தால் பெரும்பாலும் அதிகாரியின் விருப்பம். பின்பு புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதைத் தண்டிக்கும் பிரிவு முன்பு 3(1)(10) என்று இருந்தது. 2015 திருத்தத்துக்குப் பின் 'ஆர்' என்ற எழுத்தின் கீழ் இருக்கிறது. அந்த அவமதிப்பு 'பப்ளிக் வியூ' உள்ள இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். பொது இடம் என்று பலர் இதை மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சட்டம் சொல்வது பொது இடம் இல்லை, பொதுமக்கள் பார்வைக்குப் படும் இடம். 2008-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னது. ஒருவருடைய சொந்த வீட்டு வாசலாக இருந்தாலும் மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தால் அது அந்தச் சொல்லுக்குள் வரும். 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்டது வராது என்றது. புகார் எழுதும்போது 'அங்கே யார் யார் நின்றார்கள், யார் பார்த்தார்கள்' என்ற ஒரு வரி விடுபட்டால் வழக்கே விழலாம். அந்த வரியின் விலை இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சரியாகப் படிப்பதில் இருக்கிறது.

இந்தப் பாடத்தில் பெரியவர்கள் கல்லூரி மாணவர்களைவிட வேகமாகப் போவதை நாங்கள் பார்க்கிறோம். சொல் தெரியாது, ஆனால் விஷயம் தெரியும். டீக்கடை முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டு வாங்கியவருக்குப் பார்வைக்குப் படும் இடம் எது என்று விளக்க வேண்டியதில்லை. சொல்லை வாசிக்கும் முன்பே உலகத்தை வாசித்தவர்கள் அவர்கள். பிரேசிலின் பாவ்லோ பிரெய்ரே சொன்னதும் இதைத்தான்.

அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிக்கொள்ளும் காவல் அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் தர வேண்டும். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் இதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். வாசித்துக் காட்டுவது கருணை இல்லை, கடமை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த வரி இருப்பது தெரிந்தவர்தான் "ஐயா, வாசிங்க" என்று கேட்க முடியும்.

புதிய கணக்குப்பிள்ளைகள் வேண்டாம்

சில தோழர்கள் கேட்பார்கள்: நீதிமன்ற மொழி தமிழாக வேண்டும் என்று போராடுவதை விட்டுவிட்டு ஆங்கிலம் படிக்கச் சொல்கிறீர்களா? விட்டுவிடச் சொல்லவில்லை. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அந்தக் கோரிக்கையில் நாம் முன்வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அது நிறைவேறும் வரை வழக்குகள் காத்திருக்காது. உத்தரப்பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010-இல் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்தைத் தேவியாக்கிக் கோயில் கட்ட முனைந்தார். அந்த ஏக்கம் நமக்குப் புரிகிறது. நமக்குக் கோயில் வேண்டாம், மண்வெட்டி போல் கையில் பிடித்து வேலை செய்ய ஒரு மொழி போதும்.

இன்னோர் ஆபத்து நமக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நம் ஆள் ஒருவர், தெரியாத நம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் தரகராக மாறுவது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் "நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் அவரும் ஒரு கணக்குப்பிள்ளைதான், குடியிருக்கும் தெரு மட்டும்தான் வேறு. 'பறையன்' இதழும் 'தமிழன்' இதழும் காட்டிய வழி இதற்கு எதிரானது. படித்ததைக் கூடி வாசித்து, தமிழில் சொல்லி, கேள்விக்கு உட்படுத்துவது.

எனவே படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். சட்டத்தின் 15ஏ பிரிவை இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உள்ள உரிமைகள் அதில் இருக்கின்றன. ஜாமீன் விசாரணை நடக்கும் முன் தெரிவிக்கப்படும் உரிமையும், அங்கே தன் தரப்பைச் சொல்லும் உரிமையும் அவற்றில் அடக்கம். அகராதி பக்கத்தில் இருக்கட்டும். தனியாகப் படிக்காதீர்கள். பள்ளிக்கூடம் போகாத உங்கள் அம்மாவை, சித்தப்பாவை, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லையென்றால் அந்த வரியை மறுபடி படியுங்கள்.

ஜெய் பீம்.